துண்டுக்குள் ஒரு பெல்ட்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கிளம்புவது வாய்தான். கால் கொஞ்சம் தாமதமாகப் பின்னால் வந்து சேரும். விவரம் தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான் என் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு நாள் மட்டும் வாய் போய்விட்டது, கால் போக முடியவில்லை. என்னைக் கட்டிப் போட்டிருந்தார்கள். (நிஜமாகவே. பைத்தியம் எல்லாம் ஒன்றும் இல்லை.)

நான் பள்ளிக்கூடத்துக்குள் போனதெல்லாம் எங்கள் மாடு உள்ளே நுழைந்துவிட்டால் ஓட்டிக்கொண்டு வரத்தான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். இப்போதே சிரிக்கிறாள். அவள் ஏன் சிரிக்கிறாள் என்பது கடைசியில் தெரியும்.

அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கிவிட்டு, பிறகு வேண்டாம் என்று மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்து வைத்திருந்த காலம் அது. (பிற்பாடு திரும்பவும் பிரித்தார்கள். எனக்கும் என் பங்காளிக்கும் நடுவில் உள்ள வரப்புகூட இத்தனை தடவை நகர்ந்ததில்லை.) என் மகள் மலர்க்கொடிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்துக்கொண்டே இருந்தோம் என்று சொன்னால் சரியாக இருக்கும். முதலில் வந்த சம்பந்தம், பந்தியில் நான் ரசத்தைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தையில் போனது. அடுத்தது, மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, அவருடைய மீசையைப் பற்றிப் பேசி முடித்ததில் போனது. மழையிலிருந்து மீசைக்கு எந்த வழியாகப் போனேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவதாக வந்ததுதான் கீழப்பழுவூருக்குப் பக்கத்து ஊர்ச் சம்பந்தம். பையன் உரக்கடை வைத்திருந்தான். பெண் பார்க்கப் பையனும் அவன் அம்மாவும் தாய்மாமனும் வந்துவிட்டுப் போனார்கள். பையனின் அப்பா கோவிந்தசாமி அறுப்பு வேலை என்று வரவில்லை. அவர்கள் போன பிறகு மலர் அடுப்படியில் அவள் அம்மாவிடம், "இவரு பரவால்லம்மா" என்றாள். எங்கள் வீட்டில் அது சாதாரண வார்த்தை இல்லை. முன்னால் வந்த இரண்டு பேருக்கும் அவள் வாயே திறந்ததில்லை.

இனி நாங்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். பிடித்திருந்தால் அங்கேயே வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றிக்கொண்டு வந்துவிடலாம். என் மனைவியின் தம்பி சேகர் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். புதுக் கார் வாங்கியிருந்தான். அக்காள் மகள் காரியம் என்று காரோடு வந்துவிட்டான். வந்தவன் எங்கள் தெருவையே கூட்டி வைத்துக்கொண்டு காரைக் காட்டினான்.

"மாமா, இதுல ஏர்பேக் இருக்கு. எதுலயாச்சும் முட்டுனா ஒரு பலூன் வந்து நம்மளத் தாங்கிப் புடிச்சுக்கும்."

"முட்டுனா பலூனா? கார் வாங்குனியா, திருவிழாக் கடை வாங்குனியா?"

தெரு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "ஏறுங்க மாமா" என்று முன் கதவைத் திறந்துவிட்டான்.

பெண்ணைப் பெற்றவன் என்பதால் எனக்கு முன் சீட்டு. சலவை வேட்டி, சலவைச் சட்டை. தோளில் இந்தக் காரியத்துக்கென்றே பெரம்பலூர் போய் வாங்கிய சரிகைக் கரைத் துண்டு. மடியில் தாம்பாளம். அதில் தேங்காய், பழம், வெற்றிலை, பூ. ஏறி உட்கார்ந்து தெருவை ஒரு பார்வை பார்த்தேன். அப்போது சேகர் என் தோள் பக்கமாக இருந்து ஒரு பட்டையை இழுத்தான்.

"பெல்ட்டப் போடுங்க மாமா."

"நான் என்னா கன்னுக்குட்டியா, கட்டிப் போட?"

"எல்லாரும் போட்டாத்தான் வண்டி நகரும்."

"நான் போட்டுட்டேன் தம்பி" என்று பின் சீட்டிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். (என்னை விட்டுக்கொடுக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் அவள் தவறவிட்டதே இல்லை.)

"ஏ புள்ள, நல்ல காரியத்துக்குப் போறோம். கயித்தக் கட்டிக்கிட்டா போவாங்க?"

வெளியில் இப்படிச் சொன்னேனே தவிர, உள்ளே இருந்த சிக்கல் வேறு. துண்டு. பெல்ட்டைப் போட்டால் துண்டு கசங்கும், இல்லாவிட்டால் துண்டை எடுக்க வேண்டும். என் அப்பா ஒரு மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தவர். மிராசுதாரைத் தூரத்தில் கண்டாலே அப்பா தோளில் உள்ள துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். பக்கத்தில் நின்று அதைப் பார்த்தவன் நான். சொந்தமாக நிலம் வாங்கிய பிறகு என் துண்டு சாமிக்கு முன்னால் தவிர வேறு யாருக்காகவும் தோளை விட்டு இறங்கியதில்லை. அது வெறும் துணி இல்லை என்பது சேகருக்குத் தெரியாது. மலருக்குத் தெரியும்.

அவள் வாசலிலிருந்து வந்து ஜன்னல் வழியாகக் குனிந்தாள். "ஒரு நிமிஷம்ப்பா" என்று துண்டை அவளே எடுத்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள். 'டக்' என்றது. பிறகு துண்டை அதன் மேலேயே போட்டு, கரை வெளியில் தெரியும்படி நீவிவிட்டாள்.

"பெல்ட் உள்ள இருக்கட்டும், துண்டு மேல இருக்கட்டும். ஒருத்தருக்கும் தெரியாது." பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வாயையும் கொஞ்சம் பாத்துக்குங்கப்பா. இந்தத் தடவ" என்றாள்.

நான் துண்டின் கரையை இன்னொரு தடவை நீவிவிட்டுக்கொண்டேன்.

அத்தோடு முடியவில்லை. சேகர் என் மடியில் இருந்த தாம்பாளத்தையும் எடுத்துக்கொண்டு போனான்.

"டேய், அத எங்க கொண்டு போற?"

"டிக்கிக்கு. மடியில வச்சிருந்தா பலூன் வர்றப்ப தேங்கா ஒங்க மூஞ்சிக்கு வரும்."

"நிச்சயத் தாம்பாளத்த ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்துலயா வைக்கிற?"

வைத்துவிட்டான். வழியெல்லாம் அவனோடு பேசாமல் வந்தேன். (அவனுக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை.) அரியலூர் தாண்டிச் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போயின. நான் எத்தனையோ வருஷம் வைக்கோல் வண்டி ஓட்டியவன். பாரம் ஏற்றினால் மேலே கயிறு போட்டு, குதிகாலால் உதைத்து இறுக்காமல் வண்டியை நகர்த்தியதில்லை. அவிழ்ந்த பாரத்தோடு எவனாவது போனால் நிறுத்தி வைத்துத் திட்டுவேன். அன்றைக்கு மட்டும், 'வைக்கோலைக் கட்டுகிற மாதிரி என்னைக் கட்டிவிட்டார்களே' என்று மனசுக்குள் பொருமிக்கொண்டு வந்தேன். வைக்கோலை எதற்காகக் கட்டுகிறோம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை என்னோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

கீழப்பழுவூரில் இருந்து பிரிந்து சின்ன ரோட்டில் போனோம். ஒரு வளைவு. வளைந்ததும் ரோடு முழுக்க உளுந்துச் செடி.

எங்கள் பக்கத்தில் இது எல்லோரும் செய்வதுதான். அறுத்த செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிப் போரடித்துக் கொடுத்துவிடும். மாடு வேண்டாம், ஆள் வேண்டாம். ஆனால் மேலே காய்ந்த செடி, அடியில் உருள்கிற உளுந்து. அதில் போய்ச் சேகர் பிரேக்கை மிதித்தான். எண்ணெய் விட்ட கல்லில் போட்ட தோசை மாதிரி கார் தன் பாட்டுக்கு ஓரமாகப் போனது. எதிரில் ஒரு புளியமரம்.

பலூன் மெதுவாக வந்து கன்னத்தைத் தடவும் என்று நினைத்திருந்தேன். வந்தது அறை. என் அப்பாகூட அப்படி அறைந்ததில்லை. நெஞ்சில் பெல்ட் பிடித்து நிறுத்தியது. பட்டாசு வெடித்த வாடை. கண்ணைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் வெள்ளைப் புகை, வெள்ளைத் தூள். சரி, கைலாயம் வந்துவிட்டது, இனி யாரோடும் சண்டை இல்லை என்று முடிவு செய்தேன்.

"ஏங்க, இருக்கீங்களா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அந்தக் குரல் கைலாயத்துக்கு வராது. பூமிதான்.

சேகர் ஒவ்வொருவராக விசாரித்தான். மூன்று பேருக்கும் உயிர் இருந்தது, எலும்பு இருந்தது. கார் மூக்கு மட்டும் மரத்துக்குள் இருந்தது. உயிர் போகவில்லை என்று உறுதியானதும் பயம் இறங்கியது. அது காலி செய்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. வாய் கிளம்பியது. கால் கிளம்பப் பார்த்தது. நெஞ்சு வரவில்லை. பெல்ட்டை எங்கே அழுத்தினால் விடும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அது துண்டுக்கு அடியில் வேறு இருந்தது. இழுக்க இழுக்க இறுகியது.

அப்போது ஒரு ஆள் ஓடி வந்தார். தலையில் முண்டாசு, தூசிக்காக மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிய துணி, கையில் செடி புரட்டுகிற கவைக்கம்பு. கண் மட்டும்தான் தெரிந்தது.

"யார்றா அவன்? ரோடு என்னா ஒங்கப்பன் வூட்டுக் களமா?"

அவர் கம்பைப் போட்டுவிட்டு என் பக்கத்துக் கதவைத் திறந்தார். "அடி கிடி பட்டுருச்சுங்களா?"

"பட்டிருந்தா நீ வந்து ஒத்தடம் குடுப்பியா? வளைவுல கொட்டி வச்சிருக்கியே, ஒனக்குப் புத்தி இருக்கா? நீயெல்லாம் ஒரு வெவசாயியா?"

"அசையாதீங்க. இது எப்புடிங்க கழட்டுறது?" என்று அவர் பெல்ட்டைத் தேடினார். அவர் என் மேல் குனிந்து தேடத் தேட, நான் அவர் காதிலேயே திட்டினேன். அவர் நிலத்தைத் திட்டினேன். உளுந்தைத் திட்டினேன். மலர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் அது சம்பந்தி வீட்டுக்குத்தானே, வழியில் போகிற ஆளுக்கு இல்லையே? கடைசியாக, இதற்கு மேல் பெரிய வார்த்தை கிடையாது என்று நினைத்து ஒன்று சொன்னேன்.

"ஒன்ன மாதிரி ஆளு வூட்டுக்கு எவனாச்சும் பொண்ணு குடுப்பானாடா?"

அவர் நிமிர்ந்து முகத்துத் துணியை அவிழ்த்தார். "எந்த ஊருங்க நீங்க?" என்று சேகரைக் கேட்டார்.

"பெரம்பலூர் பக்கங்க. இங்க உரக்கட வச்சிருக்காரே, அவங்கப்பா கோவிந்தசாமி வூட்டுக்குப் போறோம்."

பலூன் தூள் மாவாக அப்பிய என் முகத்தை அவர் குனிந்து பார்த்தார்.

"நாந்தாங்க கோவிந்தசாமி" என்றார். பிறகு, "குடுக்கணும்னா நீங்கதாங்க குடுக்கணும்."

"அட மாரியாத்தா" என்று பின் சீட்டில் என் மனைவி முனகினாள்.

எழுந்து ஓடலாம் என்றால் கட்டிப் போட்டிருக்கிறது. 'இந்தத் தடவ' என்று மலர் சொன்ன குரல் காதில் வந்தது. மூன்றாவது சம்பந்தம். அவள் வாயைத் திறந்து 'பரவால்ல' என்ற ஒரே சம்பந்தம். வீட்டுக்குள் போவதற்கு முன்பே ரோட்டிலேயே முடித்துவிட்டேன். இதில் இன்னொன்றும் இருந்தது. போன வாரம் எங்கள் ஊர் ரோட்டில் நானும் சோளக்கதிரைப் பரப்பியிருந்தேன். ஒரு பஸ் டிரைவர் நிறுத்தி இறங்கி, நான் இப்போது கேட்ட அதே கேள்விகளைத்தான் என்னைக் கேட்டார். பதிலுக்கு அவர் பரம்பரையையே நான் விசாரித்து அனுப்பினேன்.

துண்டைத் தோளிலிருந்து எடுத்தேன். கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். வேண்டும் என்று யோசித்து எடுத்தேனா, கை தானாக எடுத்ததா என்று தெரியாது. "மன்னிச்சுக்குங்க. நானும் போன வாரம் ரோட்டுலதான் சோளம் போட்டேன்" என்றேன்.

துண்டை எடுத்ததும் பெல்ட் தெரிந்தது. சேகர் எட்டி ஏதோ அழுத்தினான். 'டக்'. பட்டை விலகியது. சட்டைப் பொத்தான் இரண்டு அறுந்து, நெஞ்சுக்குக் குறுக்கே செக்கச் சிவப்பாக ஒரு கோடு. கோவிந்தசாமி அந்தக் கோட்டைப் பார்த்தார். உடைந்த கார் மூக்கைப் பார்த்தார். புளியமரத்தைப் பார்த்தார்.

"நீங்க வர்றதுக்குள்ள அள்ளிப்புடலாம்னு இருந்தேங்க. இந்த வாரு மட்டும் இல்லேன்னா…" என்றார்.

பிறகு என் கையில் இருந்த துண்டை வாங்கினார். அதாலேயே என் முகத்து மாவைத் துடைத்துவிட்டார். துண்டை இரண்டு தடவை உதறினார். மடித்து என் தோளிலேயே போட்டார்.

"பொண்ணப் பெத்தவரு துண்டில்லாம என் வூட்டுக்கு வரக்கூடாதுங்க. எறங்குங்க."

அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். அவரும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு யார் யாரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்திருக்காது.

டிக்கியைத் திறந்தால் தாம்பாளத்தில் தேங்காய் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அது என் மடியில் இருந்திருந்தால் பிளந்திருப்பது தேங்காயாக இருக்காது என்று சேகர் சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை மட்டும் பார்த்தான். வீட்டுக்குப் போனதும் மாப்பிள்ளையின் அம்மா, "புள்ளையாருக்கு ஒடச்சதா இருக்கட்டும்" என்று வேறு தேங்காய் கொண்டுவந்து வைத்தார். காதுக்குள் வெள்ளைத் தூளோடு, பொத்தான் இல்லாத சட்டையோடு உட்கார்ந்து தட்டு மாற்றிக்கொண்டேன். அன்றைக்கு நான் அதற்கு மேல் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சம்பந்தி ரொம்ப அமைதியானவர் என்று அந்த வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டார்களாம். கோவிந்தசாமி மறுத்துச் சொல்லவில்லை.

கல்யாணத்துக்குச் சேகர் பஸ்ஸில்தான் வந்தான். கார் இன்னும் திருச்சியில் ஒரு ஒர்க்ஷாப்பில் கிடந்தது.

அதற்குப் பிறகு கோவிந்தசாமி ரோட்டில் செடி போட்டதில்லை. நானும் போட்டதில்லை. ஆனால் அந்த நாளின் பேச்சு மட்டும் ஓயவில்லை. எந்த விசேஷத்திலும் என் குரல் கொஞ்சம் ஏறினால், அது பந்தியாக இருக்கட்டும், பஞ்சாயத்தாக இருக்கட்டும், எங்கிருந்தாவது கோவிந்தசாமியின் குரல் வரும்: "சம்மந்தி, பெல்ட்டு!" உடனே நான் துண்டை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்துக்கொண்டு வாயை மூடிவிடுவேன். இதை எழுதுகிற பேத்தி மலரின் மகள். அவளுக்கு நான் ஒரு தாத்தா, அவர் ஒரு தாத்தா. அதனால்தான் இந்தச் சிரிப்பு.

இப்போதெல்லாம் மகள் வீட்டுக்குப் பஸ்ஸில்தான் போகிறோம். பஸ்ஸில் பெல்ட் கிடையாது. ஆனால் அந்தப் புளியமரம் வருகிற வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்டாப்பில் பஸ் நிற்கும்போதே என் கை தானாகத் துண்டைக் குறுக்கே இழுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறது. மரத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நான் இப்படிச் செருகிக்கொள்வதை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். போன தடவை பக்கத்தில் இருந்த என் மனைவி கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இவரு கட்டிக்கிட்டாரு. ரைட் குடுங்க."