தண்ணீர் மணியும் ஓட்டை வேட்டியும்

செக்ரட்டரி அண்ணாச்சி, அந்தக் கார்டை எழுதிப் போட்டது நீர்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். வாசகர்களுக்கு விஷயம் தெரியாது, அவர்களுக்காக மீதியை எழுதுகிறேன். நீரும் படியும்.

அறுபதுகளில் பம்பாய்த் தாராவியில் பேட்டரி பாய் கைவைக்காத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. அவர் கைவைத்த பிறகு பழையபடி இருந்த பொருளும் கிடையாது. மேலப்பாளையத்துக்காரர். தோல்பெட்டிப் பட்டறையில் பூட்டு பொருத்துகிற வேலை. வேலை முடிந்து வந்தால் விஞ்ஞானம். எங்கள் சால் என்கிற குடியிருப்பில் ஒரே வரிசையாகப் பதினாறு அறைகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே குழாய். குழாயை ஒட்டிய பதினாறாவது அறை பாயுடையது. செத்துப்போன டார்ச் செல்களை வாசலில் வெயில் காயவைத்து உயிர் கொடுத்துக்கொண்டிருப்பார். அதனால் நாங்கள் அவரை பேட்டரி என்றோம். அவர் எங்களை அறை எண் சொல்லிக் கூப்பிட்டார். நான் ஏழாம் நம்பர்.

ஒரு மே மாதம், பழைய குடை ஒன்றின் உள்பக்கம் முழுக்க சிகரெட் பெட்டி வெள்ளித்தாளை ஒட்டினார்.

"மண்ணெண்ணெய்க்கு இனி க்யூவுல நிக்காண்டாம் ஏழாம் நம்பரு. சூரியன் சும்மாதான கெடக்கு!"

குடையை மல்லாத்தி வைத்து நடுவில் ஒரு முட்டையை நிறுத்தினார். மூன்று மணி நேரம் சுற்றி நின்று பார்த்தோம். முட்டைக்குக் கொஞ்சம் வியர்த்தது, அவ்வளவுதான். ஆனால் எதிர்க்கொடியில் காய்ந்துகொண்டிருந்த செக்ரட்டரியின் வேட்டி புகைந்தது. எங்கள் சால் கமிட்டிக்கு அவர்தான் செக்ரட்டரி. ஓடிவந்து, எரிந்த ஓட்டைக்குள் கையை விட்டு ஆட்டினார்.

"இது என்னவே இது?"

பாய் அந்த ஓட்டையைப் பார்த்து அடைந்த சந்தோஷத்தை நான் வேறு எந்த மனிதரிடமும் கண்டதில்லை.

"அண்ணாச்சி! சூடு பூரா அங்கல்லா விழுந்திருக்கு! முட்டையத் தப்பான எடத்துல வச்சிட்டனே! அந்த வேட்டிய அப்படியே புடிச்சிக்கிட்டு நில்லுங்க, முட்டையக் கொண்டாறேன்."

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு செக்ரட்டரி அந்த வேட்டியையே சாட்சியாகக் கட்டிக்கொண்டு வந்தார். ஓட்டை எந்த இடத்தில் இருந்தது என்று இங்கே எழுத முடியாது.

இனி தண்ணீர். குழாயில் விடியுமுன் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. முதல்நாளே பால்டியை, அதாவது வாளியை, வரிசையில் வைக்கவேண்டும். தண்ணீர் வரும்போது ஆள் பக்கத்தில் இல்லையென்றால் பால்டியைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். அதனால் வீட்டுக்கொரு ஆள் குழாயடியில் தூங்கி வழியும். வரிசையை ஒழுங்கு பண்ணுகிறவர் செக்ரட்டரி. என்ன அதிசயமோ, தினமும் அவர் வீட்டுப் பால்டிதான் முதலில் நிற்கும்.

பாய் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். திறந்து வைத்த குழாய்க்கு அடியில் ஒரு டப்பா, அதில் மிதக்க ஒரு தக்கை. தண்ணீர் விழுந்தால் தக்கை ஏறும், இரண்டு பித்தளைத் தகடுகள் தொடும், பதினாறு அறையிலும் டார்ச் செல் போட்ட மணி அடிக்கும். கம்பி இழுக்க ஏணி பிடித்தவன் நான். முதல் நாள் அருமையாக வேலை செய்தது. பதினாறு வீடும் ஒரே நேரத்தில் குழாயடிக்கு வந்து, இரண்டு குடம் நசுங்கியது.

பாய் அசரவில்லை. ஓர் உடைந்த கடிகாரத்தைச் சேர்த்துக் கட்டினார். அதன் முள் நகர நகர, வீடுகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக மணி அடித்தது. முதல் மணி தினமும் ஒரு வீட்டுக்கு முறை மாறியது. சாலே நிம்மதியாகத் தூங்கியது. பதினாறு நாளைக்கு ஒரு முறைதான் முதலிடம் என்று ஆன செக்ரட்டரிக்கு மட்டும் தூக்கம் போனது.

பாகிஸ்தான் சண்டை வந்தது. விளக்கு வைக்கக்கூடாது, ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டவேண்டும், சங்கு ஊதினால் குப்புறப் படுக்கவேண்டும். செக்ரட்டரிக்கு ஒரு விசில் கிடைத்தது. ஒருநாள் அந்தி மயங்கிய நேரம். சால் இருட்டாகக் கிடந்தது. பாய் டப்பாவைக் குழாயடியில் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போயிருந்தார். திடீரென்று மழை கொட்டியது. டப்பா நிறைந்தது. இருட்டில் ஒவ்வொரு அறையாக மணி அடித்துக்கொண்டே வந்தது.

"குண்டு! படுங்க, எல்லாரும் படுங்க!" செக்ரட்டரி விசிலை ஊதிக்கொண்டே சாக்கடையில் பாய்ந்து படுத்தார். அவர் பின்னால் மொத்த சாலும் சேற்றில் படுத்தது. நானும் படுத்தேன். என் மனைவி மட்டும் பால்டியைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு ஓடினாள். நனைந்துகொண்டே எங்களைப் பார்த்து நின்றாள்.

"தண்ணி மணிதான அடிச்சுது? என்ன எல்லாரும் இப்படிப் படுத்துக் கெடக்கிய?"

அன்று சிரித்த சிரிப்பு மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. சாக்கடையிலிருந்து எழுந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் போலீஸ் ஹவல்தார் வந்தார். கையில் பெயர் போடாமல் இங்கிலீஷில் எழுதிய கார்டு. எங்கள் சாலில் இங்கிலீஷில் கார்டு எழுதத் தெரிந்த கை ஒன்றுதான். கூரையெல்லாம் வயர்லெஸ் கம்பி, விமானத்துக்கு ஜாடை காட்ட வெள்ளிக் குடை என்று ஹவல்தார் உரக்க வாசித்துக்கொண்டே போனார். கடைசி வரியில் திணறி நிமிர்ந்தார்.

"யே தோத்தி ஜல்னே கா க்யா சக்கர் ஹை?"

வேட்டி எரிந்த கதை என்ன என்று கேட்கிறார். உளவாளியைப் பிடித்துக் கொடுக்கிற கார்டில் ஓட்டை வேட்டிக்கும் நியாயம் கேட்கிற ஆள் உலகத்தில் ஒருவர்தான் உண்டு அண்ணாச்சி. வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

ஹவல்தார் பெயர் கேட்டார். பாய் தன் முழுப் பெயரைச் சொன்னார். ஏழு வருஷம் எங்களுக்கு வெறும் பேட்டரியாக இருந்த மனிதருடைய பெயர் அன்றைக்குத்தான் எங்கள் காதில் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்னால் போனார்கள். நானும் போனேன்.

ஹவல்தார் என் பக்கம் திரும்பினார். "யே தார் கிஸ் லியே? தும்கோ மாலும்?"

கம்பி எதற்கென்று எனக்குத் தெரியும். ஏணி பிடித்தவன் நான். "நஹி மாலும் சாப்", தெரியாது என்றேன்.

பாய் சட்டென்று சொன்னார்: "ஹாங் சாப், இஸ்கோ குச் நஹி மாலும்."

இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி என்னைக் காப்பாற்றினார்.

பாயை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், நான்கு நாள் கழித்து அனுப்பிவிட்டார்கள். முகம் வீங்கியிருந்தது. வீடு வீடாகப் போய் மணிகளைக் கழற்றினார். ஒவ்வொரு வாசலிலும், "நாளைக்கு செக்ரட்டரி அண்ணாச்சி முறை. மொதல்ல அவரு. அடிச்சிக்கிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டில் கழற்றிய மணியை மட்டும் பைக்குள் போடாமல் என் மனைவி கையில் கொடுத்தார்.

"நீ வச்சிக்கம்மா. மணி அடிச்சா தண்ணின்னு நம்புனது நீ ஒருத்திதான்."

மறுநாள் பதினாறாவது அறை பூட்டிக் கிடந்தது. மான்குர்த் பக்கம் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். போய் அலைந்து பார்த்தேன், கிடைக்கவில்லை. பேட்டரி என்று விசாரித்தால் யாருக்குத் தெரியும்? அன்று கேட்ட முழுப் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கவேண்டும். அதை நான் அடுத்த நாளே மறந்திருந்தேன்.

செக்ரட்டரி அண்ணாச்சி, நெருளில் உம் மகன் வீட்டுக்கு இந்தப் பத்திரிகை வருகிறது என்று எனக்குத் தெரியும். நான் பொய் சொன்னதை ஊரறிய எழுதிவிட்டேன். இனி உம்முடைய முறை. கார்டு எழுதினீரா இல்லையா, இதே பத்திரிகையில், உம் பெயர் போட்டு எழுதும். பாய் எங்கேயாவது இருந்து படிப்பார். மணி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இன்றைக்கும் அதற்கு நான் டார்ச் செல் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.