முனை கிராணியின் சோற்றுப் பொட்டலம்

நிலத்துக்கும் கடலுக்கும் எல்லைத் தகராறு வந்தால் தீர்த்துவைக்கத் தகுதியுள்ளவர் மலாக்காவிலேயே ஒருவர்தான். எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய முனை கிராணி. அவருடைய சொந்தப் பெயர் துரைக்கே மறந்துபோயிருந்தது.

தங்கா பத்து என்ற ஊர்ப் பக்கம், ரப்பர் மரங்கள் முடிந்ததும் கடல் தொடங்கிவிடும் தோட்டம் அது. கிராணியிடம் யார் அகப்பட்டாலும் ‘முனை’ என்ற சொல்லைப் பற்றிப் பாடம்தான். பல்வலிக்கு லீவு கேட்டு வந்தவரையே அரைமணி நேரம் நிற்கவைத்தார்.

“வெள்ளக்காரன் ‘கேப்’னு சொல்றானே, எங்கேருந்து வந்திச்சு? லத்தீன்ல தலைக்கு உள்ள சொல்லு! மலாய்க்காரருக்குத் தஞ்சோங், நமக்கு முனை. வெளங்குதா?”

“வெளங்குதுங்க. பல்லுதாங்க வலிக்குது.”

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்தது. காட்டில் ஒளிந்திருந்த அவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறுகூட முள்வேலி வாசலைத் தாண்டக் கூடாது, பிடிபட்டால் சிறை. அந்த நாளில், ஓர் அமாவாசைக் காலையில், கிராணி வாழையிலைப் பொட்டலத்தோடு வாசலில் நிற்கிறார்! வாசலில் சோதனை போட்ட மலாய்க்காரப் போலீஸ் சார்ஜனுக்கு மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தவன் நான்.

“சோறு யாருக்குன்னு சார்ஜன் கேக்குறாரு அண்ணே.”

“பொண்டாட்டிக்கு.”

“எங்க இருக்காங்கன்னு கேக்குறாரு.”

கடலைக் காட்டினார். “நாகப்பட்டினத்துலேருந்து வர்றப்ப கப்பல்லயே காய்ச்சல்ல போயிட்டா. கடல்லயே எறக்கிட்டாங்க. முனைன்னா என்னா தம்பி? மண்ணு அதுக்கு மேல போக முடியாத எடம். நானும் அதுவரைக்கும்தான் போக முடியும் லா.”

என் அரைகுறை மலாயில் சொல்லி முடித்தேன். சார்ஜன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களோடு நடந்தார். விலங்கு மாட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

முனையின் கடைசிப் பாறையில் பொட்டலத்தை வைத்துவிட்டு, “திரும்பிப் பாக்காதீங்க” என்றார் கிராணி.

பத்தடி நடந்ததும் நாங்கள் இருவரும் பார்த்தோம். காற்று இல்லை. ஒரு காக்கை இல்லை. அலை பாறைக்கு வெகு கீழே இருந்தது. கட்டியிருந்த இலை விரிந்து கிடந்தது, ஒரு பருக்கை இல்லாமல். ஈர மணலில் எங்கள் மூவர் காலடி மட்டும்தான். ஐயோ, துப்பாக்கி வைத்திருந்தவர்தான் முதலில் ஓடினார்!

வாசலில் மற்றக் காவலர்கள் கேட்டபோது, “பொட்டலமா? எந்தப் பொட்டலம்?” என்றார் சார்ஜன். அதன்பிறகு அமாவாசை தோறும் கிராணி வரும் நேரத்தில் அவர் லாரி டயரைச் சோதிக்கப் போய்விடுவார்.

ஓர் அமாவாசைக்குக் கிராணி காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். என்னைக் கேட்கவில்லை. நானே பொட்டலம் கட்டி எடுத்துப் போனேன். பாறையில் வைத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

“அண்ணி, அண்ணனுக்குக் காய்ச்சல். அதான் நான் வந்தேன். கோவிச்சுக்காதீங்க” என்றேன்.