மூன்று அறைகளும் ஓர் அடுப்படியும்

வோனோதோரோ,
புரோமோ மலையடிவாரம்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி (மன்னிக்கவும், சம்பந்தி ஆகப்போகிற) சுபாகியோ ஐயா அவர்களுக்கு,

உருளைக்கிழங்கு விவசாயி முஜியோனோ இரு கைகளையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி நாத்தி, பண்டிகைக்கு வந்திருக்கும் மகள் விராந்தி, எதிரே புகைவிட்டுக்கொண்டிருக்கும் எரிமலை ஆகிய அனைவரும் நலம். அங்கு சுரபயாவில் தாங்களும், தங்கள் துணைவியாரும், மாப்பிள்ளை பயுவும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இதையெல்லாம் செல்பேசியிலேயே சொல்லலாம்தான். ஆனால் தங்கள் குரலைக் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. போன தடவை கல்யாணப் பேச்சை எடுக்க வந்தவன், கிழங்குச் செடிக்கு வரும் அழுகல் நோயைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டேன். ஆகையால் கடிதம்.

தாங்கள் பெண் பேசி முடிக்க வருகிறோம் என்று எழுதியதைப் படித்ததும் வீட்டுக்குள் ஒரு குதி குதித்தேன், நாத்தி பயந்துபோய் நிலநடுக்கமோ என்று வெளியே ஓடிவிட்டாள். தங்குவதற்கு ஓர் அறை பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். ஜன்னலைத் திறந்தால் எரிமலை தெரிய வேண்டும், குளிக்க வெந்நீர் வேண்டும், துணைவியாருக்குக் குளிர் ஆகாது. இவ்வளவுதானே! உடனே எங்கள் ஊர் வழக்கப்படி குளிருக்குக் கைலியைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆனால் ஐயா, இது காரோ பண்டிகைக் காலம் என்பதை அந்தச் சந்தோஷத்தில் மறந்தே போனேன். காரோ சமயத்தில் எங்கள் ஊரில் யார் வீட்டில் கால் வைத்தாலும் நேரே அடுப்படிக்கு அழைத்துப் போய், தீயருகில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார்கள். வயிறு நிறைந்துவிட்டது என்று சொன்னால் அந்த வீட்டோடு உறவே முறிந்துபோகும். விடுதியும் வீடுதானே, அங்கேயும் அதே கதைதான்.

முதலில் என் சித்தப்பா மகன் சாரேவின் விடுதிக்குப் போனேன். பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே கட்டியிருக்கிறான். ஒரு சுவர் முழுக்க ஜன்னல். திரையை விலக்கினேன், வெள்ளை வேட்டியை உலர்த்தினாற்போல ஒரே மேகம்.

"மலை எங்கடா?"

"அங்கதான்ணே இருக்கு. மேகம் போனா தெரியும்."

"எப்பப் போகும்?"

"அதை மேகத்துக்கிட்டத்தான் கேக்கணும். வாங்க, அதுக்குள்ள ஒரு வாய் சாப்பிடலாம்."

வெள்ளைச் சோளச் சோறு, கிழங்குக் குழம்பு, கண்ணில் தண்ணீர் வரவைக்கும் மிளகாய்த் துவையல். வாய் நிறையச் சோறு இருக்கும்போது, "அப்ப ரூமை உங்க சம்பந்திக்கே வச்சிரட்டுமா?" என்று கேட்டான். அவன் போட்ட சோற்றை மென்றுகொண்டே எப்படி வேண்டாம் என்பது? தலையாட்டிவிட்டேன்.

ஆனாலும் மேகத்தை நம்பித் தங்களை வரவழைக்க மனம் வரவில்லை. அடுத்து லாஸ்மினி அக்காவின் புது விடுதி. அங்கே வெந்நீர் பிரமாதம்! சும்மா கையை வைத்துப் பார்க்கத்தான் போனேன், கழுத்துவரை இறங்கிவிட்டேன். இந்த வயதில் முதன்முதலாக வெந்நீர்க் குளியல், ஐயா, பாட்டுக்கூட வந்தது. அக்கா கதவைத் தட்டோ தட்டென்று தட்டிய பிறகுதான் வெளியே வந்தேன். ஆனால் ஜன்னல் முட்டைக்கோஸ் வயலைப் பார்த்திருக்கிறது. எரிமலைக்குப் பதிலாக எதிர்ச் சுவரில் செக்கச்செவேல் என்று ஒன்றை வரைந்து வைத்திருக்கிறாள்.

"சொவத்துல இருக்கற மலையப் பாக்கவா அக்கா அவங்க சுரபயாவுல இருந்து வர்றாங்க?"

"போடா, வெவரம் கெட்டவனே. நெஜ மலை வெறும் பொகைதான் விடுது. என்னோடது நெருப்பே கக்குது பாரு. மேகமும் மறைக்காது."

பேச்சோடு பேச்சாக அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மறுபடியும் சோளச் சோறு. மறுபடியும் தலையாட்டல்.

மூன்றாவது, குதிரைக்காரர் தர்மோவின் இடம். எரிமலை தெரிகிறது, சத்தியமாகத் தெரிகிறது! நான் பூரித்துப்போய் ஜன்னலைத் திறந்த நேரம், கீழே கட்டியிருந்த குதிரை தலையை உள்ளே நீட்டி என் தொப்பியைக் கவ்விக்கொண்டது. "பழகிட்டா விடாது மாப்ளே, பாசக்காரப் பிள்ளை," என்றார் தர்மோ. பாதித் தொப்பியோடு அங்கேயும் உட்கார்ந்து சாப்பிட்டேன். நடக்க முடியாமல் தவித்த என்னை அதே குதிரையில் ஏற்றி அனுப்பினார். என் எடை தாங்காமல் வழியெல்லாம் அது திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தது. அந்த அறைக்கும் சரி சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்பதைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்தால் விராந்தி இடுப்பில் கைவைத்து நிற்கிறாள்.

"அவங்க வர்றது ரெண்டு நாளைக்கு. எதுக்குப்பா மூணு ரூம்?"

"அதுல நல்லதா ஒண்ணை அவங்களே எடுத்துக்கட்டும்மா."

"நம்ம வீட்டுக்கு என்ன கொறைச்சல்?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஐயா. எங்கள் முன்னறையில் பாதி விதைக்கிழங்கு மூட்டை. குளியலறைத் தண்ணீரைத் தொட்டால் எலும்பு சில்லிடும். அடுப்படிப் புகை தங்கள் துணைவியாரின் பாத்திக் சேலையில் ஏறிவிடுமோ என்று எனக்குக் கவலை. அதைப் பார்த்துத் தாங்கள் முகம் சுளித்தால் என் பெண்ணின் வாழ்வு என்னாவது? இதைச் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது.

"நீங்க என்னை வளர்த்ததே அந்த அடுப்படியிலதானேப்பா. அதுல வந்து உக்கார மாட்டாங்கன்னா, அந்த வீட்டுக்கு நான் எப்படிப் போவேன்?"

வாயை மூடு, சம்பந்தி வீட்டாருக்கு எது மரியாதை என்று எனக்குத் தெரியும் என்று கத்திவிட்டேன். பிறகு கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அவள் சின்னப் பெண், பயுவின்மேல் உயிரையே வைத்திருக்கிறாள், கோபத்தில் பேசியது. தயவுசெய்து மனதில் வைக்காதீர்கள். மேகமா, சுவர்ச் சித்திரமா, குதிரையா, தாங்கள் எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதமே.

மலைத்தெய்வம் தங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். மாப்பிள்ளைக்கு ஆசிகள். துணைவியாருக்கு என் பணிவான வணக்கம்.

இப்படிக்கு,
வயிறு நிறைந்த,
முஜியோனோ

பின்குறிப்பு: மேலே எழுதிய அனைத்தையும் மறந்துவிடுங்கள்! நான் எழுதும்போதே என் தோளுக்குப் பின்னால் நின்று நாத்தி படித்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தங்கள் துணைவியாருக்குப் போன் போட்டுவிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், கதவோரம் நின்று நானும் விராந்தியும் கேட்டோம். "அண்ணி, எரிமலை ஜன்னலெல்லாம் இவரு கேட்டது. உங்களுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதாம். எனக்கு எதுக்கு அதெல்லாம்? குளிருக்குக் காலை நீட்டி உக்கார உங்க அடுப்பு பக்கத்துல இடம் இருக்கா, அதைச் சொல்லுங்க," என்றார்கள் தங்கள் துணைவியார். தங்களுக்கும் என்னைப் போலவே கூச்சமா, ஐயா? முன்பே சொல்லியிருந்தால் நான் ஒரு வேளைச் சாப்பாட்டோடு தப்பியிருப்பேன்!

ஆக, தாங்கள் தங்குவது எங்கள் வீட்டில். ஆனால் சாப்பிட்டுவிட்டுச் சொன்ன சொல்லைக் காரோ சமயத்தில் மீற முடியாதே. ஆகையால் தூங்குவதற்கு நானும் நாத்தியும் விடுதிகளுக்குப் போகிறோம். குதிரையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வெந்நீரை நான் எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்; சாரேவின் மேகத்துக்கு மறுநாள் இருவருமாகப் போவோம். வீட்டுக்காரர்களைக் காணோமே என்று திகைக்க வேண்டாம், விராந்தி இருப்பாள். இப்போதே அடுப்பைச் சுற்றி உங்கள் இருவருக்கும் இரண்டு முக்காலி போட்டுவிட்டாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்து, தன் முக்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றையும் துடைத்து வைத்திருக்கிறாள். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பசியோடு வாருங்கள். 'போதும்' என்ற சொல்லை மட்டும் சுரபயாவிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.