கன்ட்ரோலருக்கு நான் வைத்த பொட்டு

ஒருவனை நம்பி இயந்திரத்தைக் கொடுக்கலாம். சந்தனக் கிண்ணத்தைக் கொடுக்கும்போதுதான் யோசிக்க வேண்டும். சித்தூர்ப் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்று இந்த உண்மையை என்னால்தான் தெரிந்துகொண்டது.

எங்கள் நகரி ஆந்திராவில் இருக்குமா, மெட்ராஸோடு போகுமா என்று டீக்கடையில் தினம் ஒரு தீர்ப்பு வந்துகொண்டிருந்த காலம் அது. நான் யாருக்கு என்று மட்டும் எவரும் சண்டை போடவில்லை (போட்டிருந்தால் இரண்டு பக்கமும் 'நீங்களே வச்சிக்கோங்க' என்றிருக்கும்). கரும்பு அரைக்கும் மாதங்களில் எனக்கு ஆலையில் வேலை. மற்ற மாதங்களில் வீட்டில் உட்கார்ந்து தின்கிற வேலை.

அந்த வருடம் ஆலைக்குக் கன்ட்ரோலர் என்ற புதுக் கருவி வந்தது. கரும்புச்சாறு எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தானே பார்த்து, நீராவி வால்வைத் தானே திறந்து மூடும். அதுவரை அந்த உத்தியோகத்தைப் பார்த்தது என் சிநேகிதன் முனிரத்தினத்தின் உள்ளங்கை. குழாயைத் தொட்டுவிட்டு அவன் "ஸ்ஸ்" என்றால் சூடு சரி. "அய்யோ" என்றால் அதிகம்.

எங்களுக்குக் கற்றுக்கொடுக்க மெட்ராஸிலிருந்து பாலசுந்தரம் என்ற என்ஜினீயர் வந்தார். ஆறு பேர், மூன்று வாரம், கடைசியில் செய்முறைத் தேர்வு. தேறும் ஒருவனுக்கு நிரந்தர வேலை.

அந்த வேலையில்தான் என் கல்யாணமும் தொங்கிக்கொண்டிருந்தது. புத்தூரில் பார்த்திருந்த பெண்ணின் அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பர்மனென்ட்டுன்னா பொண்ணு. சீசன் வேலைன்னா, சீசனுக்கு மட்டும் பொண்ணு குடுக்க முடியுமா நைனா?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பரீட்சை அன்னிக்கு நீங்களே வந்து பாருங்க மாமா" என்று அழைத்துவைத்தேன்.

வந்தார். வெள்ளை வேட்டி, காலில் அன்றுதான் வாங்கிய செருப்பு. பயிற்சிக்கென்று வைத்திருந்த திறந்த தொட்டியில் கரும்புச்சாறு நிரம்பியிருந்தது. அதை எழுபது டிகிரியில் நிறுத்திக் காட்டவேண்டும். முதல் ஆள் நான். என்ஜினீயர் சாப்பிடப் போயிருந்தார்.

சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக வந்த முனிரத்தினம் என் காதைக் கடித்தான். "மூணு வாரமா ஒரு பொட்டு கூட வைக்காம இத ஓட்டிக்கினு கீறாரு. நம்ம மில்லுல புது ஸ்பேனருக்கே பூசை போடுவோம். உன் நேரம், இது இன்னிக்குப் பாத்து பழி வாங்கப் போவுது."

"சாருக்குத் தெரிஞ்சா?"

"தெரியாம வையி."

மாமாவும் தலையாட்டினார். "வையி நைனா. நல்ல காரியந்தானே?"

கன்ட்ரோலர் மூடியின் மேல் ஒரு பொட்டு வைத்து நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. எனக்குத்தான் எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லையே! மூடியைத் திறந்தேன். உள்ளே ஊசிமுனை அளவுத் துளை ஒன்று, உஸ் உஸ் என்று காற்றை விட்டுக்கொண்டிருந்தது. மூச்சு விடுகிற இடத்தில்தானே உயிர் இருக்கும்? அங்கேயே சந்தனத்தை வழித்து அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். உஸ் உஸ் நின்றுபோனது.

"பாத்தியா? சாந்தமாயிடுச்சி" என்றான் முனிரத்தினம்.

(அந்தத் துளையில் காற்று கசிந்தால்தான் வால்வு மூடும், அடைபட்டால் முழுசாகத் திறந்துகொள்ளும் என்று என்ஜினீயர் ஒரு முழுநாள் நடத்தியிருந்தார். அன்று நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன்.)

என்ஜினீயர் வந்தார், தேர்வு தொடங்கியது. சூட்டைக் காகிதத்தில் கோடாக எழுதும் பேனா மெல்ல ஏறியது. எழுபதைத் தொட்டது. எழுபதைத் தாண்டியது.

"என்னப்பா, நிக்கலையே?"

"நிக்கும் சார்."

தொண்ணூறு. தொட்டியின் விளிம்புக்கு நுரை வந்துவிட்டது.

"மாப்ளே," என்றார் மாமா பின்னாலிருந்து, "இது இப்படித்தான் பொங்கணுமா?"

"ஆமா மாமா. மொதல்ல பொங்கும்."

பேனா காகிதத்தை விட்டே வெளியேறியது. "வால்வ கையால மூடுய்யா!" என்று என்ஜினீயர் கத்தினார். நான் பாய்ந்து மூடினேன். பக்கத்துத் தண்ணீர்க் குழாயை! சாறு அருவியாக இறங்கியது. எல்லோரும் பெஞ்சுமேல் ஏறிவிட்டோம். வாசலோரம் நின்றிருந்த நாகய்யா மேஸ்திரி வெளியே ஓடிப் பெரிய நீராவிக் குழாயை அடைத்துவிட்டு, "ஏமய்யா, பொங்கலி பெட்டாவா?" என்று தெலுங்கில் சீறினார். பொங்கலேதான் வைத்திருந்தேன், அரிசிதான் போடவில்லை.

ஆறியதும் தரை முழுக்கப் பிசின். மாமா கீழே இறங்கி மூன்றடி நடந்தார். செருப்பு முதல் அடியிலேயே நின்றுவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெறுங்காலோடு பஸ் ஏறப் போய்விட்டார்.

என்ஜினீயர் மூடியைத் திறந்தார். சந்தனமும் குங்குமமுமாகக் கன்ட்ரோலர் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. "யாரு?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் முனிரத்தினத்தின் விரல் என்னைக் காட்டியது.

அவர் திட்டவில்லை. ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தி ஒரே கேள்வி கேட்டார்: "இந்தத் துளை அடைபட்டால் என்ன ஆகும்?"

ஐந்து பேர் குறிப்பேட்டில் இருந்தபடி ஒப்பித்தார்கள். கடைசியில் என் முறை. வேலையும் போயிற்று, பெண்ணும் போயிற்று, இனி என்ன பயம்?

"மாமனார் வெறுங்காலோட பஸ் ஏறுவாரு சார்."

அவருக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இவங்க எல்லாரும் ரெண்டு மாசத்துல மறந்துடுவாங்க. நீ சாகற வரைக்கும் மறக்க மாட்டே." நிரந்தர வேலைக்கு என் பெயரையே எழுதினார். பக்கத்தில் 'கையில் எதுவும் இல்லாதபோது மட்டும் கருவியை நெருங்கலாம்' என்று ஒரு நிபந்தனையும்.

செருப்பை வெந்நீரில் ஊறவைத்துப் பெயர்த்தெடுத்து, வேலை உத்தரவோடு புத்தூர் போனேன். மாமா முதலில் செருப்பைப் பார்த்தார், இரண்டு பக்கமும் திருப்பி. பிறகுதான் கடிதத்தைப் பிரித்தார். உள்ளே கதவுக்குப் பின்னால் ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமிக்கொண்டிருந்தாள். அடுத்த தையில் கல்யாணம்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்துபோனார். ஒருநாள்கூட நேரே உள்ளே நுழைந்ததில்லை. வாசலில் நின்று, "மாப்ளே, எதுனா கொதிக்குதா?" என்று கேட்பார். இல்லை என்று பதில் வந்த பிறகுதான் காலை உள்ளே வைப்பார். இப்போது அவர் இல்லை. என் மகள்கள் போன் செய்தால் சௌக்கியமா என்று கேட்பதில்லை.

"நைனா, எதுனா கொதிக்குதா? இல்லன்னா நாங்க வர்றோம்."