காரணவன் கொண்டுபோன குப்பி

தாழக்குடி,
கொல்லம் 1109 ஐப்பசி

மதிப்பிற்குரிய அத்தான் கோலப்ப பிள்ளை அவர்கள் சமுகத்துக்கு, மைத்துனன் பூதலிங்கம் பணிந்து எழுதுவது. இவ்விடம் வயலில் நாற்று சுகம், தொழுவில் மாடு சுகம். மனிதர்களைப் பற்றித்தான் இக்கடிதம். அக்கா தாணம்மாளுக்கு எழுத்து தெரியாதாகையால் தாங்கள் இதை அவளுக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். வெட்கம் வரும் இடங்கள் உண்டு. அங்கே தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே போகவும். தாண்டிப் போக வேண்டாம்.

போன மாதம் அக்கா என் மகள் சொர்ணத்தை இங்கே கொண்டுவந்து விட்டு, கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் ஒன்றும் காணோம், தைக்குள் விடுமுறி எழுதி உறவை முறித்துக்கொள்வோம், பகவதியப்பனுக்கு வேறு பெண் பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனாள். என் கூடப் பிறந்தவள் சொன்ன வார்த்தையா இது என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. மருமக்கள் வழியாக இருந்த காலத்தில் ஓர் ஆணுக்குப் பிள்ளை உண்டா இல்லையா என்று யாரும் விளக்கைப் பிடித்துப் பார்த்ததில்லை. சொத்து சகோதரி பிள்ளைக்குப் போகும், அவ்வளவுதான். சட்டம் மாறினதும் எல்லாருக்கும் பேரன் வேண்டியிருக்கிறது. நிற்க. சொர்ணத்தை விட்டுப் போன மறுநாளே உங்கள் மகன் பகவதியப்பனும் அவள் பின்னால் இங்கே வந்துவிட்டான். வந்தவன் போகவில்லை. மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறான், யாரிடமும் பேசுவதில்லை.

பெண் அழுதுகொண்டே இருந்தால் எந்தத் தகப்பனுக்குச் சோறு இறங்கும்? நாகர்கோவிலில் நேசையன் டாக்டர் வைத்தியசாலைக்கு அவளைக் கூட்டிப்போனேன். நர்ஸ் கிரேசி உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு, வெளியிலிருந்து அறிகிற மட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றாள். பிறகு டாக்டர் சுவரில் தொங்கிய ஒரு படத்தின் முன்னால் என்னை உட்காரவைத்தார். அத்தான், அந்தப் படத்தில் இருந்ததைத் தாயும் மகனும் சேர்ந்து பார்க்க முடியாது. ஆனாலும் சொல்கிறேன். பெண்ணுக்குக் கருப்பை கவிழ்த்துவைத்த சிறு கத்தரிக்காய் அளவுதான். அதன் இரு தோளிலிருந்தும் இரண்டு குழல்கள். குழல் முனைக்குப் பக்கத்தில் வாதுமைக் கொட்டை அளவில் இரண்டு முட்டைப்பைகள். மாதம் ஒரு முட்டை பழுத்துக் குழலுக்குள் வரும். ஆணுக்கு இரண்டு விரைகளுக்குள்ளும் நூல் நூலாகக் குழல்கள் சுருண்டு கிடக்கின்றன. வித்து அங்கேதான் ஓயாமல் உண்டாகிறது. வித்தும் முட்டையும் உண்டாகும்போது அதனதன் சரக்கு சரிபாதியாகப் பிரிந்துவிடுமாம். பாதியும் பாதியும் சேர்ந்தால்தான் ஒரு முழுப்பிள்ளை.

எனக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. பாகப்பிரிவினை அல்லவா! பாதி அப்பன் பங்கு, பாதி அம்மை பங்கு, சரி, தாய்மாமன் பங்கு எவ்வளவு என்று கேட்டேன். ஒன்றுமே இல்லை என்றார். கொஞ்சநஞ்சம் உரிமையாவது இருக்கும், நன்றாகப் பாருங்கள் என்றேன். அவர் படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு இல்லவே இல்லை என்றார். நமது முன்னோர் எத்தனை தலைமுறை இதை அறியாமல் வாழ்ந்துவிட்டார்கள்!

பழுது ஆணிடமும் இருக்கலாம், மருமகனுடைய வித்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஒரு குப்பியைக் கொடுத்தார் டாக்டர். வீட்டில் வைத்து அதைப் பகவதியப்பனிடம் கொடுத்தபோது அவன் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. தானே கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்வதாகச் சொன்னான். நான் விடவில்லை. இந்தக் குடும்பத்திலிருந்து ஒரு காரியம் வெளியே போனால் குடும்பத்துக்கு மூத்த தாய்மாமனாகிய காரணவன் கையால் போவதுதான் முறை. நிலப்பத்திரம் போனாலும் அப்படித்தான், இது போனாலும் அப்படித்தான். அவன் அறைக்குள் போய் வெகுநேரம் கழித்து, துணியில் சுற்றி, என் முகத்தைப் பாராமல் நீட்டினான். நான் குப்பிக்குத் திருநீறு பூசி, சூடு ஆறக்கூடாது என்று டாக்டர் சொன்னபடி அக்குளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்திலிருந்தவர் கைக்கு என்ன பிள்ளைவாள் என்று கேட்டார். வாதம் என்றேன். அவர் இறங்கும் வரைக்கும் வாதத்துக்கு வைத்தியம் சொன்னார்.

டாக்டர் கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிரேசியையும் கூப்பிட்டுக் காட்டினார். கடைசியில், இதில் உயிருள்ள வித்து ஒன்றுகூட இல்லை என்றார். பையன் சூட்டில் உட்காரும் வேலை ஏதாவது பார்க்கிறானா என்று கேட்டார். விரைகளை உடம்புக்கு வெளியே தொங்கவிட்டிருப்பதே குளிர்ச்சிக்குத்தானாம். அப்போதுதான் எனக்கு உங்கள் வீட்டுத் தொட்டி நினைவுக்கு வந்தது. அக்கா, நாட்டு வைத்தியர் சொன்னார் என்று நீ வருஷக்கணக்காக வெள்ளியும் செவ்வாயும் அவனைக் கொதிக்கக் கொதிக்கக் கஷாயத் தொட்டியில் இடுப்பளவு உட்காரவைக்கிறாயே! பேரன் வேண்டும் என்று நீ போட்ட அடுப்பே பேரனை வேகவைத்துவிட்டது. உன்மேல் குற்றம் சொல்லவில்லை. பாசத்தில் செய்தாய். ஆனால் என் மகள்மேல் போட்ட பழியை இனி எடுத்துவிடு. பார்த்த பெண்ணின் வீட்டுக்கும் ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிடு. தொட்டியை மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வைத்துக்கொள்.

அம்மன் அருளால் உங்கள் இருவருக்கும் நோய்நொடியின்றி நீண்ட ஆயுளும், அக்காவுக்குக் கூடவே கொஞ்சம் பொறுமையும் உண்டாகட்டும். அக்காவின் பாதத்துக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
பூதலிங்கம்

பின்குறிப்பு: அத்தான், இதற்குக் கீழே உள்ளதைத் தாங்கள் மட்டும் வாசித்துவிட்டுக் கிழித்து அடுப்பில் போடவும். கடிதத்தை ஒட்டுமுன் பகவதியப்பனுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டு, குப்பியில் இருந்தது பக்கத்து வீட்டுக் கோழிமுட்டையின் வெள்ளைக்கரு என்றான். “ஒங்க கையில அதை எப்பிடி மாமா எடுத்துத் தருவேன்? அதுவும் நீங்க அக்குளில வச்சிட்டுப் போவேன்னு நிக்கிய,” என்றான்.  அப்படியானால் குறை யாருக்கென்றே தெரியாது; தொட்டி பாவம் செய்ததா என்பதும் தெரியாது; சொர்ணத்தின் குழல் அடைத்திருந்தால் வெளியிலிருந்து அறிய முடியாதென்று கிரேசி அன்றைக்கே சொன்னாள். பொய்யை எழுதி அனுப்பலாகாது என்று கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். இந்த ஒரு மாதத்தில் அவன் மனம் விட்டுப் பேசியது இதுதான்: “கிழிக்காண்டாம் மாமா. குறை எனக்குண்ணே இருக்கட்டு. பெஞ்சாதிக்குத்தானே அம்மை விடுமுறி எழுதுவா? மகனுக்கு எழுத முடியாதுல்லா.”