றூல்ஸ் அண்ணையும் பச்சை அப்பிளும்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் டோர்செட் பார்க்கின் அத்தனை கட்டடங்களையும் சலித்தெடுத்தாலும், றூல்ஸ் அண்ணையைப்போல் அடுத்தவன் நிம்மதிக்கு உலை வைக்கும் இன்னொரு பிறவி அகப்படாது. எங்கள் மாடியில் எவர் வீட்டில் மீன் பொரிந்தாலும் வந்து கதவைத் தட்டுவார். "ஜன்னலைத் திறந்துபோட்டுப் பொரியுங்கோ. அதுதான் றூல்ஸ்." யார் போட்ட றூல்ஸ் என்று கேட்டவர்களுக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

அப்படிப்பட்டவர் எங்கள் முதியோர் சங்கத்தின் ஒருநாள் சுற்றுலாவுக்கும் பெயர் கொடுத்திருந்ததை, பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கண்டேன். வயிறு எரிந்தது. காலையில் அஜின்கோர்ட்டில் ஜப்பானியத் தோல் வேலை பழகுவது, பின்னேரம் ஒஷாவாவுக்கு அப்பால் அப்பிள் பிடுங்குவது. இரண்டிலும் எனக்கு அக்கறை கிடையாது. யாழ்ப்பாணத்தில் தன் தங்கை செத்ததிலிருந்து என் மனைவி மலர் சிரித்ததில்லை. எது கேட்டாலும் 'ம்' என்பாள், அதோடு சரி. ஒரு நாளாவது அவள் முகம் மலராதா என்றுதான் கெஞ்சிக் கூட்டிவந்தேன். இந்த மனிதர் முன் சீற்றில் இருந்துகொண்டு, "தங்கச்சி, பெல்ட்டைப் போடுங்கோ" என்று மலரிடம் சொல்கிறார்.

தோல் வேலை பழக்கிய ஜப்பானியப் பெண்மணி, மெத்தென்ற தோலின்மேல் துளையிட்ட தாளை வைத்து, மரப்பாலில் செய்த வார்னிஷைத் தேய்த்து எடுத்தார். புள்ளி புள்ளியாய்த் தும்பிகள் எழும்பி நின்றன. வாய் பார்த்துக்கொண்டு நின்றோம். றூல்ஸ் அண்ணை சும்மா இருப்பாரா? என்ன தோல் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மான் என்றார் அந்தப் பெண்மணி.

தீர்ந்தது கதை. மான்தோல் முனிவர்கள் தவம் இருப்பதற்கானதாம். அதை வெட்டிச் சில்லறைப் பை தைப்பது பாவமாம். சப்பாத்தைக் கழற்றி, காட்சிக்கு வைத்திருந்த முழுத்தோலை நிலத்தில் விரித்து, அதன்மேல் சம்மணமிட்டுத் தேவாரம் தொடங்கிவிட்டார். அதுவும் சுருதி சேராத தேவாரம்.

"அண்ணை, எழும்புங்கோ. அது விக்கிற சாமான்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இடையிலை எழும்பக்கூடாது தம்பி. றூல்ஸ்."

கோபிக்க வேண்டிய பெண்மணியோ குனிந்து வணங்கினார். தோலுக்கு இப்படி மரியாதை செய்தவரைத் தான் கண்டதில்லையாம். ஒரு பையைச் சும்மாவே கொடுத்தார். பாவத்தைப் பற்றி மூச்சுக் காட்டாமல் இவரும் வாங்கிப் பொக்கற்றில் போட்டார். என் ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மலர் எதையும் கவனிக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பிள் தோட்டத்தில், பழுத்ததை மட்டும் பிடுங்கச் சொல்லிப் பெரிய பலகை. நான் தேடித் தேடிச் சிவந்த பழமாய் மலரிடம் நீட்டினேன். 'ம்' என்று வாங்கிப் பையில் போட்டாள். றூல்ஸ் அண்ணை அந்தப் பலகைக்குக் கீழேயே நின்று பச்சைக் காய்களைப் பிடுங்கினார்.

"பலகையை வாசிக்கேல்லையே அண்ணை?"

"வாசிச்சனான். எழுதினவனுக்கு உப்பும் தூளும் தெரியாது."

காயைக் கீறிவிட்டு மான்தோல் பையைத் திறந்தார். காலையில் தேவாரம் கேட்ட தோலுக்குள் இப்போது உப்பும் மிளகாய்த்தூளும்.

"இந்தாங்கோ தங்கச்சி."

மலர் கடித்தாள். பையைப் பார்த்தாள், அண்ணையைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

"என்ரை தங்கச்சியும் உப்பிடித்தான்" என்றாள். "காயாய் இருக்கேக்கையே ஒண்டையும் மரத்திலை விடாள்."

நான் மாதக்கணக்கில் கெஞ்சியும் வராத சிரிப்பு, இந்த மனிதரின் ஒரு புளிக்காய்க்கு வந்துவிட்டது. எரியாதா எனக்கு?

அதற்குள் தோட்டக்காரர் சிவந்த முகத்தோடு எங்களிடம் வந்தார். பலகையைக் காட்டி, யார் காய் பிடுங்கியது என்று கேட்டார்.

மலர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். அண்ணை வாயைத் திறக்குமுன், நான்தான் என்றேன்.