கொட்டகைக் களவு குறித்து மாப்பிள்ளைக்கு மாமனாரின் விளக்கம்

அன்பும் அதைவிட அதிகமாகப் பொறுமையும் உள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் குழந்தைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன். இதை போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் என் மகள் நடுவில் புகுந்து பேசுவாள். கடிதத்தில் அவள் பருப்பு வேகாது.

கொட்டகையிலிருந்து தண்ணீர் மோட்டார் களவு போனதும் நேரில் வந்து பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "மாமா, இனிமே ஒரு துரும்பு காணாமப் போனாலும் சரி, வீட்டை வித்துட்டு எங்ககூட வந்துடணும்." மாப்பிள்ளை, உங்கள் வீடு நல்ல வீடு. ஆனால் அத்தனை மாடி ஏறி, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் பல் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் காலம் தள்ள முடியாது. எனக்கு என் வீடு வேண்டும், என் கொல்லை வேண்டும். அதனால் மனசாட்சிப்படி எழுதுகிறேன். துரும்பு எதுவும் காணாமல் போகவில்லை. போனது ஏணி.

உடனே கோபப்படாதீர்கள். நீங்கள் சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். வீட்டில் முரட்டு ஆள் இருக்கிற மாதிரி காட்டச் சொன்னீர்களே என்று, ஆனைக்கால் அளவுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி வாசலில் போட்டேன். அதை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது, அதைக் களவுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கொட்டகைக்கு நீங்கள் வாங்கித் தந்த பூட்டைத்தான் போட்டேன். அப்புறம் அந்தப் பேசும் பெட்டி. கதவைத் திறந்தால் ஒரு குரல், சாத்தினால் ஒரு குரல், நாமே பேசிப் பதிந்துகொள்ளலாம் என்றீர்கள். என் குரலுக்குக் காக்காய்கூடப் பயப்படாது, உனக்குத்தான் தொண்டை கணீரென்று இருக்கிறது, நாலு வார்த்தை நறுக்கென்று திட்டு என்று உங்கள் அத்தையிடம் கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து என்னைத் திட்டுவதற்கு ஒரு நாள்கூட ஒத்திகை பார்க்காதவள், பெட்டியைப் பார்த்ததும் குழைகிறாள்!

"முகம் தெரியாத மனுஷனைப் போய் எப்படிங்க டா போட்டுக் கூப்பிடறது?" என்று கேட்டுவிட்டு, திறக்கிற குரலுக்கு "யாருங்க? வாங்க" என்றாள்.

"சரி, சாத்துற குரலுக்காவது 'போய்த் தொலை'ன்னு சொல்லு."

"வீட்டுப் படி இறங்குறவங்களைப் போன்னு சொல்லலாமா? நல்லாவா இருக்கும்?" என்றவள், நான் தடுப்பதற்குள் பட்டனை அழுத்தி, தேனொழுகச் சொன்னாள்: "போயிட்டு வாங்க!"

ஒரு தடவை பதிந்தால் பதிந்ததுதானாம், அழிக்க வராதாம். அப்புறம் என்ன ஆகும் மாப்பிள்ளை? போயிட்டு வாங்க என்றால் மரியாதை தெரிந்த திருடன் என்ன செய்வான்? போய்விட்டு வந்தான்!

முதல் தடவை பட்டப்பகலில், என் கண்ணில் புரை விழுகிறது என்று உங்கள் அத்தை என்னைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருந்த நேரம். ஏணி போச்சு. மறுபடி, கூப்பிட்டால் கேட்பதில்லை என்று காது டாக்டரிடம் இழுத்துப் போனாள். அன்றைக்கு மின்விசிறி போச்சு. பூட்டில் ஒரு கீறல் இல்லை, கைதேர்ந்த பயல். பக்கத்து வீட்டுத் தையல்காரரைக் கேட்டால், "அக்கா குரல்தானே சார் கேட்டுச்சு, போயிட்டு வாங்கன்னு. உங்க சொந்தக்காரர்னு நினைச்சு நானும் ஒரு கை பிடிச்சு வண்டியில ஏத்திவிட்டேன்" என்கிறார். வயிறு எரியாதா?

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். ஏணியில் நடுப்படிகள் இல்லை என்பதையும், விசிறிக்கு இறக்கை மட்டும் வாங்கினால் ஓடும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அந்தப் போலீஸ்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சார், எடுத்தவனை நினைச்சாதான் எனக்குப் பாவமா இருக்கு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஏணியில் ஏறித்தான் உங்கள் கல்யாணத்துக்கு வெள்ளையடித்தேன்.

மாப்பிள்ளை, காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், வீட்டை விற்கிற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். எனக்காக இல்லாவிட்டாலும் உங்கள் அத்தைக்காக. கள்ளங்கபடம் தெரியாதவள், இந்த வீட்டை விட்டால் உடைந்துபோவாள். இன்னும் பெரிய பூட்டாக ஒன்று வாங்கி அனுப்புங்கள், போதும்.

என் மகளுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசி. நீங்கள் எல்லாரும் நோய்நொடியில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, நான் அத்தை. உறையை ஒட்டச் சொல்லி என்கிட்டதான் கொடுத்தார். மோட்டார் போனது நிஜக் களவு. அதுக்கப்புறம் திருடனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வந்தது பழைய சாமான் வாங்குறவர். நான்தான் வரச் சொன்னேன், பூட்டைத் திறந்து வச்சதும் நான்தான். அந்தக் குப்பையைத் தூக்கிப் போடுங்கன்னு கத்திக் கத்தி என் தொண்டை வத்திப்போச்சு, ஒரு ஆணியைத் தொட விட்டாரா மனுஷன்? கொட்டகையைக் காலி பண்ணி, வெள்ளையடிச்சு ஒரு ரூமா ஆக்கணும். போன லீவுக்குப் படுக்க இடமில்லாமத்தானே பிள்ளைங்களைக் கூட்டிட்டு ஓட்டல்ல தங்கினீங்க? எனக்கு மனசே ஆறலை. வீட்டை விக்கவும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். கால் உடைஞ்ச கட்டிலும் சைக்கிளும்தான் பாக்கி. அதுக்கு இவரை இன்னும் ஒரு தடவை வெளியே கூட்டிட்டுப் போகணும். நல்ல பல் டாக்டர் யாராவது தெரிஞ்சா எழுதுங்க.